மெக்சிக நாட்டு இறந்தோர் விழாவும் அருங்காட்சியகமும்

முன்னுரை

இறந்தோரை நினைந்து படையலிடுதல் உலக மக்கள் பலரிடத்தும் காணப்படும் பழைய வழக்காகும். அவ்வழக்குகளுள், மெக்சிக நாட்டு மக்கள் ஆண்டுதோறும் நவம்பர்த் திங்கள் முதலிரு நாட்களிற் கொண்டாடும் இறந்தோர் விழா உலகறிந்த ஒன்று. ‘தியா தே முவெர்த்தோஸ்’ என ஸ்பானிய மொழியில் வழங்கும் இவ்விழா, பண்டு வீட்டின் ஒரு மூலையிலும் கல்லறைகளின் மீதும் நிகழ்ந்து வந்தது. 1970களின் தொடக்கத்திலிருந்து, அமெரிக்க ஐக்கிய நாட்டில் வாழும் மெக்சிக மரபினர் இதனைக் கலைக்கூடங்களிலும் அருங்காட்சியகங்களிலும் நிகழ்த்தத் தொடங்கினர். இன்று சிக்காகோ, சான் பிரான்சிஸ்கோ, ஓக்லாந்து, லாஸ் ஏஞ்சல்ஸ் ஆகிய நகரங்களில் இவ்விழாவைக் காண விரும்புவோர் கல்லறைத் தோட்டத்தினும் அருங்காட்சியகத்தையே முதலில் நாடுகின்றனர்.

இம்மாற்றத்தைக் கண்டு வருந்துவோர் உளர். வழிபாடு காட்சிப் பொருளாயின் அதன் உயிர் நீங்கிவிடும் என்பது அவர்தம் கருத்து. வாழ்வினின்று நீங்கிய பொருள்களைக் கெடாது காக்கும் இடமே அருங்காட்சியகம் என்பது பொது வழக்காதலின், அவர் கூற்று எளிதில் தள்ளத்தக்கதன்று. எனினும், அக்கூற்று இவ்விழாவின் வரலாற்றொடு பொருந்துமா என்பதை ஆராய்தல் வேண்டும். அவ்வாராய்ச்சியே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படையலின் அமைப்பு

விழாவின் நடு நாயகமாக விளங்குவது ‘ஒஃப்ரென்டா’ எனப்படும் படையலாகும். மேசையொன்றின்மீது படிப்படியாக அமைத்துத் துணி விரித்து, இறந்தோர் நிழற்படங்களை வைப்பர். தொலைவிலிருந்து வரும் உயிரின் நீர் வேட்கை தணியத் தண்ணீரும், தூய்மைக்கு உப்பும், வழி காட்ட விளக்கும் வைப்பர். கோப்பால் என்னும் பிசினைத் தணலிலிட்டு நறும்புகை எழுப்புவர். இறந்தவர் விரும்பியுண்ட உணவு எதுவோ அதுவே படைக்கப்படும். மக்காச்சோள மாவைப் பொதிந்து அவித்த தமால், மிளகாயும் பிறவும் கூட்டி அரைத்த மோலே, இந்நாட்களுக்கெனச் சுடும் ‘இறந்தோர் ரொட்டி’ ஆகியன பெரும்பாலும் இடம்பெறும். குழந்தையாயிருந்து இறந்தோர்க்கு விளையாட்டுப் பொருள்களும் இனிப்பும் வைப்பர். நவம்பர் முதல் நாள் குழந்தைகளுக்கும் இரண்டாம் நாள் முதியோர்க்கும் உரியன என்பது பரவலான வழக்கு.

படையலுக்கு இன்றியமையாதது செம்பசூச்சில் என்னும் மலர். நாவாத்ல் மொழியில் இப்பெயர்க்கு ‘இருபது பூ’ என்பது பொருள். இதழ்களின் மிகுதி பற்றி எழுந்த பெயர் அது. தெருவிலிருந்து படையல் வரையில் இம்மலரின் இதழ்களைப் பாதைபோலத் தூவுவர். அதன் நிறமும் மணமும் இறந்தோரை இல்லத்திற்கு அழைத்து வரும் என்பது நம்பிக்கை. நம் நாட்டில் துலுக்கச் சாமந்தி என்றும் செண்டுமல்லி என்றும் வழங்கும் மலர் இதுவே. மெக்சிக நிலத்திற்குரிய இம்மலர், ஐரோப்பியர் அந்நிலத்தை அடைந்த பின்னரே கடல் கடந்து இந்தியாவிற்கு வந்தது. ‘துலுக்க’ என்னும் அடைமொழியும் இது புறத்தேயிருந்து வந்ததென்பதைக் குறிப்பாற் காட்டி நிற்கின்றது.

இப்பொருள்களை வகைப்படுத்தி நோக்கின் ஓருண்மை புலனாகும். மக்காச்சோளம், கோப்பால், செம்பசூச்சில் ஆகியன மெக்சிக மண்ணுக்குரியன. ரொட்டிக்குரிய கோதுமையும், மண்டையோட்டுருவங்கள் வார்க்குஞ் சர்க்கரைக்குரிய கரும்பும் ஸ்பானியருடன் வந்தவை. தோரணங்களுக்கு ஓவியம்போல வெட்டப்படும் மென்றாளைச் ‘சீனத் தாள்’ என்றே மெக்சிக மக்கள் வழங்குவர். 1565 முதல் 1815 வரை மணிலாவிற்கும் அக்காபுல்கோவிற்கும் இடையே ஓடிய வாணிகக் கப்பல்களின் நினைவு அப்பெயரில் உறைகின்றது. எனவே, ‘தொன்று தொட்டு மாறாது வருவது’ என்று போற்றப்படும் படையலே, பல நிலத்துப் பொருள்களும் பல காலத்து வழக்கங்களும் ஒன்று கூடிய ஒன்றாதல் தெளிவு.

தோற்றம் பற்றிய கருத்து வேறுபாடு

இவ்விழா ஆஸ்தெக்கர் முதலிய பழங்குடியினர் வழிபாட்டின் தொடர்ச்சியென்பது பலர் கருத்து. அதற்குச் சான்றாகக் காட்டப்படுபவர் தியேகோ துரான் என்னும் தொமினிக்கன் துறவி. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய அவர், பழங்குடியினர் நாட்காட்டியில் இறந்தோர்க்குரிய சிறு விழா ஒன்றும் பெருவிழா ஒன்றும் அடுத்தடுத்து இருந்தமையைக் குறிக்கின்றார். சிறு விழா ஆகஸ்டுத் திங்களில் நிகழ்ந்தது. தம் காலத்து மக்கள் புனிதர் அனைவர் திருநாளில் இறந்த குழந்தைகளுக்கும், மறுநாள் முதியோர்க்கும் படையலிடுவதைக் கண்ட துரான், பழைய விழாவே கிறித்தவத் திருநாளின் போர்வையில் மறைந்து வாழ்கின்றதோ என ஐயுற்றார். அடக்கியாளும் சமயத்தின் துறவி ஒருவர் ஐயத்தால் எழுதி வைத்த குறிப்பு, பிற்காலத்தார்க்குத் தம் பழமையை நிறுவும் சான்றாக அமைந்தது.

மற்றொரு சாரார் இதனை மறுப்பர். நவம்பர் இரண்டாம் நாளை இறந்த உயிர்களுக்குரிய நாளாக வகுத்தவர், குளூனி மடத்துத் தலைவராயிருந்து 1049இல் மறைந்த ஒதிலோ ஆவர். அந்நாளே நம் நாட்டுக் கத்தோலிக்கர் கல்லறைத் திருநாளெனக் கொண்டாடும் நாளுமாகும். அந்நாளில் கல்லறைகளில் விளக்கேற்றுதலும், உயிர்களுக்கென ரொட்டியும் இனிப்பும் வழங்குதலும் ஐரோப்பியர் பலரிடத்தும் இருந்தன. சர்க்கரையுருவங்களைப் பற்றிய குறிப்பும் பிற்காலத்ததே. 1760களில் மெக்சிக நகரத்திற் பயணஞ்செய்த பிரான்சிஸ்கோ தே அஹோஃப்ரின் என்னும் கப்புச்சின் துறவி, விழா நாட்களில் சர்க்கரையாற் செய்த கல்லறையுருவங்களும் பிறவும் விற்கப்பட்டதைக் குறித்துள்ளார். ஸ்டான்லி பிராண்டிஸ் என்னும் மானிடவியலறிஞர் 2006இல் வெளியிட்ட நூலில் இச்சான்றுகளை ஆராய்ந்து, விழாவின் பல கூறுகள் ஸ்பானியர் ஆட்சிக் காலத்தே உருப்பெற்றவை என்று காட்டினார்.

இவ்விரு கருத்துகளும் முழுதும் முரணுவன அல்ல என யாம் கருதுகின்றோம். 1545இலும் 1576இலும் பரவிய கொடிய கொள்ளைநோய்கள் பழங்குடியினரைப் பேரளவில் அழித்தன. அழிந்தோர்க்குக் கடனாற்ற எஞ்சினோர்க்குக் கிடைத்த நாள் தேவாலயத்தின் நாள். கிடைத்த பொருள் தம் நிலத்துப் பொருள். நாளும் பொருளும் வெவ்வேறிடத்தனவாயினும், அவற்றை இணைத்த துயரம் அவர்தம் சொந்தத் துயரமே.

இடம் பெயர்ந்த வழிபாடு

விழா நிகழுமிடமும் ஒரே நிலையில் நிற்கவில்லை. ஸ்பானியர் ஆட்சியில் இறந்தோரைத் தேவாலயத்தினுள்ளும் அதன் முற்றத்திலும் புதைத்தனர். உடல்நலங் கருதி, ஊர்ப்புறத்தே இடுகாடு அமைக்குமாறு மூன்றாம் கார்லோஸ் மன்னன் 1787இல் ஆணையிட்டான். பெனித்தோ ஹுவாரெஸின் அரசு 1859இல் இயற்றிய சட்டத்தால் இடுகாடுகள் சமயத்தாரின் ஆட்சியினின்று நீங்கி அரசின் பொறுப்பிற்கு வந்தன. தேவாலயத்தினுள் நிகழ்ந்தது ஊர்ப்புறத்தே சென்றது. மக்களும் பின் சென்றனர். மிச்சோவாக்கான் மாநிலத்தில் பாட்சுக்குவாரோ ஏரியின் நடுவணுள்ள ஹனிட்சியோத் தீவில், புரேப்பெச்சா மக்கள் நவம்பர் முதல் நாளிரவு கல்லறைகளினருகே விளக்கேற்றி விழித்திருப்பதை இன்றுங் காணலாம்.

1910இல் தொடங்கிய மெக்சிகப் புரட்சிக்குப் பின்னர் இவ்விழா ஒரு நாட்டின் அடையாளமாயிற்று. ஹொசே குவாதலூப்பே பொசாதா (1852–1913) என்னும் அச்சோவியர், எலும்புக்கூட்டு உருவங்களால் உயர்ந்தோரையும் தாழ்ந்தோரையும் ஒருங்கே எள்ளி நகையாடியவர்; வறுமையில் இறந்தவர். அவர் வரைந்த, பூத்தொப்பியணிந்த பெண் எலும்புருவத்தைத் தியேகோ ரிவேரா 1947இல் தாம் தீட்டிய பெருஞ்சுவரோவியத்தின் நடுவே நிறுத்தினார். ‘கத்ரீனா’ என்னும் அவ்வுருவம் இன்று விழாவின் முகமாக விளங்குகின்றது. அச்சுவரோவியம் இருந்த விடுதி 1985ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற் சிதைந்தது. ஓவியத்தைப் பெயர்த்துச் சென்று அதற்கெனவே ஓர் அருங்காட்சியகம் அமைத்தனர். ரிவேரா தாம் ஈட்டிய பழம்பொருள்களுக்காக எடுத்த அனவாகல்லி அருங்காட்சியகம், அவர் மறைந்த பின்னர் 1964இல் திறக்கப்பெற்றது. அங்கு ஆண்டுதோறும் அவருக்கே படையலிடப்படுகின்றது. ஆகவே, படையல் அருங்காட்சியகத்தினுள் நுழைந்தது அமெரிக்க ஐக்கிய நாட்டில் மட்டும் நேர்ந்ததன்று.

குடிபெயர்ந்தோர் நிலை

எனினும், இரு நாட்டு நிகழ்ச்சிகளுக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. மெக்சிக நாட்டினர்க்குக் கல்லறை அண்மையில் உள்ளது. குடிபெயர்ந்தோர்க்கு அஃது இல்லை. 1942 முதல் 1964 வரை நிகழ்ந்த ‘பிராசெரோ’த் திட்டத்தின்கீழும் அதன் பின்னரும் வயல்களிலும் ஆலைகளிலும் உழைக்கச் சென்ற மெக்சிக மக்கள், தம் பெற்றோர் கல்லறைகளைப் பிறந்த ஊர்களிலேயே விட்டுச் சென்றனர். உரிய ஆவணங்களின்றி வாழ்வோர், சென்றால் மீள இயலாதென்னும் அச்சத்தால், பெற்றோர் இறந்தபோதும் ஊர் திரும்பவில்லை. கல்லறையைத் தூய்மை செய்து மலரிடுவதே விழாவாயின், கல்லறையற்றோர் எங்ஙனம் கொண்டாடுவர் என்னும் வினா ஈண்டு எழுகின்றது.

அவ்வினாவிற்கு விடை கண்டவர் 1960களின் இறுதியிற் கிளர்ந்த சிக்கானோ இயக்கத்தைச் சார்ந்த கலைஞர்கள். சான் பிரான்சிஸ்கோவில் 1970இல் தோன்றிய ‘கலெரியா தே லா ராசா’ என்னும் கலைக்கூடம், 1972இல் இறந்தோர் விழாக் கண்காட்சியை அமைத்தது. கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் கேரன் பொக்காலேரோ என்னும் பிரான்சிஸ்கன் கன்னித்துறவி, கார்லோஸ் புவெனோ, அந்தோனியோ இபாஞெஸ் என்னும் மெக்சிகக் கலைஞர் இருவருடன் சேர்ந்து தொடங்கிய ‘செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸ்’ என்னும் அச்சோவியப் பட்டறை, ஏறத்தாழ அதே காலத்தில் இவ்விழாவைத் தெருவிற்குக் கொணர்ந்தது.

இங்குப் புறக்கணிக்கத் தகாத செய்தி ஒன்று உண்டு. இக்கலைஞருள் பலர் தம் வீடுகளிற் படையலைக் கண்டு வளர்ந்தவர் அல்லர். தெக்சாஸ் முதலிய பகுதிகளில் வாழ்ந்த மெக்சிக மரபினர் நவம்பர் இரண்டாம் நாள் கல்லறைக்குச் சென்று மலரிட்டு வந்தனராயினும், பலபடிப் படையலும் சர்க்கரை மண்டையோடும் அவர்களிடையே பெருவழக்காக இல்லை. மெக்சிகோவின் தென்பகுதியிலும் நடுப்பகுதியிலும் சிறந்திருந்த வழக்கங்களைப் பயணத்தாலும் நூல்களாலும் கற்றே இவர்கள் கைக்கொண்டனர். ரெஜீனா மார்க்கி 2009இல் வெளியிட்ட ஆய்வு இதனை விரிவாக எடுத்துரைக்கின்றது. எனவே அருங்காட்சியகம் இங்கு மறைந்து கொண்டிருந்த வழக்கம் ஒன்றைக் காத்தது என்பதினும், பலர்க்கு அதனைப் புதிதாகக் கற்பித்தது என்பதே பொருந்தும்.

சிக்காகோ அருங்காட்சியகம்

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு சிக்காகோ நகரத்துப் பில்சன் பகுதியிலுள்ள மெக்சிகக் கலைத் தேசிய அருங்காட்சியகம் ஆகும். பில்சன் என்பது செக் நாட்டு நகரொன்றின் பெயர். முன்பு அங்குக் குடியேறிய செக் மக்கள் இட்ட பெயர் அது. 1960களில் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தின் கட்டடங்களுக்காக அண்மைக் குடியிருப்புகள் அகற்றப்பட்டபோது, அங்கு வாழ்ந்த மெக்சிகக் குடும்பங்கள் பல பில்சனுக்குப் பெயர்ந்தன. 1982இல் கார்லோஸ் தோர்த்தொலேரோ, ஹெலன் வல்தெஸ் முதலிய பள்ளியாசிரியர் சிலர் ஒன்றுகூடி, 900 டாலர் முதலுடன் இந்நிறுவனத்தைத் தொடங்கினர். நகரப் பூங்காத் துறைக்குரிய பூங்காவொன்றில், முன்பு படகுப் பட்டறையாயிருந்த கட்டடத்தில், 1987இல் அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. 2006இல் இப்போதுள்ள பெயரைப் பெற்றது. இங்கு நுழைவுக் கட்டணம் இல்லை. தொடங்கியவர் பள்ளியாசிரியர் என்பதும், வாயில் யாவர்க்கும் திறந்திருப்பது என்பதும் தம்முள் தொடர்புடையன.

திறந்த ஆண்டு முதலே இறந்தோர் விழாக் கண்காட்சி இங்கு ஆண்டுதோறும் நிகழ்ந்து வருகின்றது. கலைஞர் அமைக்கும் படையல்களுடன், அப்பகுதிக் குடும்பத்தினரும் பள்ளி மாணவரும் அமைக்கும் படையல்களும் இடம்பெறும். கலிபோர்னியாவிலுள்ள ஓக்லாந்து அருங்காட்சியகமும் 1994 முதல் இவ்விழாவிற்கெனக் கண்காட்சியும், ஒரு நாள் ஊர்விழாவும் நடத்தி வருகின்றது. மக்கள் தம் தாய் தந்தையர் படங்களைக் கொணர்ந்து வைத்தலும், பெயர்களை எழுதி இணைத்தலும் இத்தகைய விழாக்களில் இயல்பாக நிகழ்வன. பொதுவாக அருங்காட்சியகப் பொருள் ‘தொடற்க’ என்னும் விலக்கினுட்பட்டது. படையலோ வருவோர் கைபட்டு வளர்வது. பொதுவாக அருங்காட்சியகப் பொருள் என்றும் நிலைக்க வேண்டுவது. படையலோ விழா முடிந்ததும் கலைக்கப்படுவது. எனவே, அருங்காட்சியகமும் படையலின் இயல்புக்கேற்பத் தன் மரபை ஓரளவு நெகிழ்த்திக் கொண்டது எனலாம்.

யாருடைய இறந்தோர் என்னும் வினாவும் இங்கு விரிந்தது. 1980களில் எய்ட்ஸ் நோயால் இறந்தோர்க்குச் சான் பிரான்சிஸ்கோவில் படையலிட்டனர். வயல்களிற் பூச்சிமருந்தால் நலிந்து மாண்ட தொழிலாளர்க்கும், எல்லையைக் கடக்கையில் பாலைநிலத்தில் நீரின்றி மாண்டோர்க்கும் படையலிட்டனர். பின்னவருட் பலர் உடல் அடையாளங் காணப்படாதோர். அவர்க்கென ஒரு கல்லறையும் இல்லை. படத்தை வைக்க ஒரு வீடு உண்டோ என்பதும் அறியக்கூடவில்லை. அவர்க்கு முன் வைக்கப்பட்ட ஒரு குவளைத் தண்ணீர், மரபு வழிப்பட்ட படையற் பொருளேயாயினும், அவர் இறந்த காரணத்தையும் உடன் உரைத்தது. வீட்டின் மூலையில் நிகழும் வழிபாட்டிற்கு இப்பொருள் எய்துதல் அரிது. பலர் கூடும் பொது இடத்திலேயே அஃது எய்திற்று.

இழப்புகள்

இதனால் இழப்பொன்றும் இல்லையென்று கூறல் நடுநிலையாகாது. தீக்கும் பூச்சிக்கும் அஞ்சும் அருங்காட்சியகங்கள் பலவற்றில் எரியும் விளக்கிற்கு மாற்றாக மின்விளக்கும், உண்மை மலர்க்கு மாற்றாகத் தாள்மலரும், உணவிற்கு மாற்றாக அதன் உருவமும் வைக்கப்படுகின்றன. உயிர்களை அழைக்கும் மணமே இதனால் இல்லாதொழிகின்றது. இருநாள் விழா, கண்காட்சியாகும்போது செப்டம்பர் தொடங்கி டிசம்பர் வரை நீள்கின்றது. அதனால், இறந்தோர் வருவதற்குரிய நாள் என்னும் எண்ணம் நெகிழ்கின்றது. படைத்த உணவைச் சுற்றத்தாருடன் பகிர்ந்துண்ணும் வழக்கமும் குறைகின்றது.

வாணிகத்தால் நேர்வது இதனினும் பெரிய இழப்பு. 2013இல் டிஸ்னி நிறுவனம், தான் எடுக்கவிருந்த திரைப்படத்தை முன்னிட்டு ‘தியா தே லோஸ் முவெர்த்தோஸ்’ என்னும் தொடரையே தன் வணிகக் குறியாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தது. மக்களின் எதிர்ப்பு மிகவே, அதே ஆண்டு விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. 2015இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்டு திரைப்படம் ஒன்று மெக்சிக நகரத்தில் இறந்தோர் நாள் ஊர்வலம் நிகழ்வதாகக் காட்டிற்று. அவ்வகைப் பேரூர்வலம் அந்நகரில் அதுவரை இருந்ததில்லை. திரைப்படத்தைக் கண்டு வருவோரை எதிர்நோக்கி, 2016 முதல் அந்நகர் உண்மையாகவே ஊர்வலம் நடத்தலாயிற்று. யுனெஸ்கோ நிறுவனம் 2003இல் பழங்குடியினரின் இறந்தோர் விழாவை மனித குலத்தின் மரபுச் செல்வமெனப் பாராட்டி, 2008இல் தன் பட்டியலிற் சேர்த்தது. அப்பாராட்டு எந்தப் பழங்குடியினரைக் கருதியதோ, அவர்தம் ஊர்களுக்கே வேடிக்கை காண்போரின் கூட்டத்தையும் பெருக்கிற்று. கல்லறையருகே விழித்திருக்கும் கைம்பெண் ஒருத்தியின் முகத்தருகே புகைப்படக் கருவியை நீட்டுதல் எந்த மரபிற்கும் ஏற்றதன்று.

இவற்றை ஒப்பிட்டு நோக்கின், இழப்பிற்குக் காரணம் இடம் அன்று என்பது விளங்கும். ஹனிட்சியோத் தீவில் உண்மைக் கல்லறைகள் உள. ஆயினும் அங்குக் காட்சி வேட்கை வழிபாட்டை நெருக்குகின்றது. பில்சனில் கல்லறை ஒன்றும் இல்லை. ஆயினும் மகளொருத்தி தன் தந்தையின் படத்தை வைத்து நிற்குங்கால் வழிபாடு நிகழ்கின்றது. படையலை அமைப்போர் யார், அவர் தமக்குரிய இறந்தோர்க்கு அதனை அமைக்கின்றனரா என்னும் இரண்டுமே விழா உயிருடன் இருத்தலைக் காட்டும் அளவைகள். இறந்தோர் எவரையும் குறியாத படையல், எவ்வளவு அழகிதாயினும், கடைத்தெருப் பொருள்களுள் ஒன்றேயாகும்.

முடிவுரை

2020இல் கொரோனாக் கொள்ளைநோயின்போது, கூட்டங் கூடுதலைத் தவிர்க்க வேண்டி மெக்சிக நாட்டில் இடுகாடுகள் பல விழா நாட்களில் மூடப்பட்டன. அவ்வாண்டு அக்டோபர் 31 முதல் நவம்பர் 2 வரை நாட்டுத் துயர நாட்களாக அறிவிக்கப்பட்டன. அரசு மாளிகையில் இறந்தோர்க்குப் படையலிடப்பட்டது. கல்லறை வாயிலில் நின்று உள்ளே செல்ல இயலாதிருக்கும் நிலை, குடிபெயர்ந்தோர் பல்லாண்டுகளாக அறிந்ததே. அவ்வாண்டு அது தாய்நாட்டார்க்கும் வாய்த்தது. அவர்களும் படத்தையும் விளக்கையும் வேறோரிடத்து வைத்து இறந்தோரை அழைத்தனர்.

கோயில் முற்றத்தினின்று தேவாலயத்திற்கும், தேவாலயத்தினின்று ஊர்ப்புற இடுகாட்டிற்கும் பெயர்ந்த வழிபாடு, குடிபெயர்ந்தோருடன் அருங்காட்சியகத்திற்கும் வந்தது. அங்கு அது சிலவற்றை இழந்தது. கல்லறையற்றோர்க்கும் பெயரற்றோர்க்கும் இடமளித்தல் என்னும் புதிய கடமையை ஏற்றது. ஆதலின், அருங்காட்சியகம் புகுந்தமையாலேயே இவ்விழா உயிரிழந்தது என்னும் கூற்று வரலாற்றொடு பொருந்தாது என்பதே எம் முடிவு. விழாவை நடத்தும் நிறுவனங்களும் இதனை மறத்தலாகாது. காண வருவோர் எண்ணிக்கையை மட்டும் கருதிப் படையலைப் பெருக்காது, தம் இறந்தோர் படத்துடன் வருபவர்க்கு ஒரு சாண் இடமேனும் ஒதுக்கி வைத்தலே அவர்தம் முதற்கடன் ஆகும்.